வாயால் சொன்னது கணக்கில் வராது: பணியிடத் தொந்தரவுக்குப் புகார் கொடுப்பது எப்படி

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். துறையில் எனக்கு மேலே இருந்த ஒருவரால் பாலியல் தொந்தரவு. என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. புகாரில் உள்ளதை வெளியே போடக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. நடந்த சம்பவத்துக்கும் புகாரைத் தாளில் எழுதிக் கொடுத்ததற்கும் நடுவே 71 நாள் போய்விட்டது. அந்த 71 நாளும் நான் சும்மா இருக்கவில்லை. மூத்த மேடம் ஒருவரிடம் சொன்னேன், ஆபீஸ் சூப்பிரண்டிடம் சொன்னேன், முதல்வர் அறையில் இரண்டு தடவை போய் நின்றேன். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். "பாத்துக்கிடலாம்மா, செமஸ்டர் முடியட்டும்" என்றார்கள். சூப்பிரண்டு மட்டும் குரலைத் தாழ்த்தி, "இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ள. பேரு வெளிய வந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். சட்டம் கொடுத்த 3 மாதத்தில் எனக்கு மிச்சம் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. அப்போதும் அதற்குப் பிறகும் ஓடி ஓடித் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் நாளைக் கணக்குப் போடுங்கள்

சட்டத்தின் பெயர் நீளம்: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் (தடுப்பு, தடை மற்றும் குறைதீர்ப்பு) சட்டம், 2013. இதன்படி சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொந்தரவு தொடர்ந்து நடந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ணலாம். தாண்டிவிட்டாலும் எல்லாம் போய்விடவில்லை. ஏன் முன்பே வர முடியவில்லை என்று காரணம் எழுதிக் கொடுத்தால் இன்னும் 3 மாதம் வரை புகாரை விசாரிக்கும் குழு நீட்டித்துத் தரலாம். ஆனால் தருவதும் தராததும் குழுவின் கையில் இருக்கிறது. அதை நம்பி நாளை ஓட்டாதீர்கள்.

"விசாரிக்கிறேன்" என்று முதல்வர் சொன்ன நாளோ மேனேஜர் தலையாட்டிய நாளோ இந்தக் கணக்கை நிறுத்தாது. எழுத்தில் கொடுத்த நாள் மட்டுமே நிறுத்தும்.

2. ஒரிஜினல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன?

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நம் பக்கம் பல தனியார் கல்லூரிகளில் வேலைக்குச் சேரும்போதே பத்தாம் வகுப்பு முதல் முதுகலை வரை ஒரிஜினல்களை வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். புகார் கொடுத்த பிறகு அவற்றைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம். பிஎச்.டி. பதிவுக்குச் சரிபார்ப்பு இருந்ததால் நல்லவேளையாக என்னுடையவை அதற்கு முந்தைய மாதமே கைக்கு வந்துவிட்டன. உங்களுடையவை அங்கே இருந்தால் வேண்டும் என்று இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். கடையிலோ கிளினிக்கிலோ வேலை பார்ப்பவர்களுக்கு நியமன ஆணை பெரும்பாலும் இருக்காது. ஜிபே, வங்கி வழியாகச் சம்பளம் வந்திருந்தால் அந்த வரவு, வருகைப் பதிவின் போட்டோ, யூனிபார்மோடு எடுத்த படம், எது இருக்கிறதோ அதைச் சேர்த்து வையுங்கள்.

3. உங்களுக்கு எந்தக் குழு?

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஐசிசி என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் விசாகா கமிட்டி என்றுதான் சொல்கிறார்கள். தலைவர் அங்கேயே வேலை பார்க்கும் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். தொண்டு நிறுவனத்திலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர். பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. குழு அமைக்காவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் குழுவின் பெயர்ப் பட்டியல் கண்ணாடிக்குள் பளிச்சென்று இருந்தது. விசாரித்தால், அதில் இருந்த வெளியாள் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. பட்டியலைப் போட்டோ எடுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறையும் சேர்ந்து வரும். அதன்படி புகாரில் மாணவர் சம்பந்தப்பட்டிருந்தால் குழுவில் மாணவர் பிரதிநிதிகள் 3 பேர் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. உங்கள் குழுவில் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

10 பேருக்குக் குறைந்த இடமா, இல்லை புகாரே முதலாளி மேலா? அப்படியானால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். ரத வீதிச் சின்னக் கடைகள், டாக்டர் ஒருவரும் நர்ஸ் இருவரும் உள்ள கிளினிக், வீட்டு வேலை, பீடி இலையும் தூளும் வாங்கப் போகிற கடை எல்லாம் இதில் அடங்கும். திருநெல்வேலி மாவட்டத்துக்கு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஜங்ஷனிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டினால் வந்துவிடும். டவுன் பஸ் நமக்கு இலவசம்தான், டீக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

தென்காசி தனி மாவட்டமாகி 2019லிருந்து இருக்கிறது. ஆனாலும் சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் பழைய பழக்கத்தில் நெல்லைக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது உங்கள் வீடு எந்த மாவட்டம் என்பதை இல்லை, வேலை பார்க்கும் இடம் எந்த மாவட்டம் என்பதை. முக்கூடலில் கடை என்றால் திருநெல்வேலி, ஆலங்குளத்தில் என்றால் தென்காசி.

"ஐசிசி எல்லாம் சென்னை ஹெட் ஆபீஸில்தான்" என்று ஷோரூம்களில் சொல்வார்கள். வேறு வேறு ஊரில் கிளை இருந்தால் அங்கங்கே குழு இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கங்கைகொண்டான் சிப்காட் மாதிரி இடங்களில், "நீ காண்ட்ராக்ட் ஆள், எங்க ஸ்டாஃப் இல்ல" என்பார்கள். காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும், தினக்கூலியும், பயிற்சிக்கு வந்தவரும் இந்தச் சட்டத்தில் ஊழியர்தான்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் போய் இந்த மனுவைக் கொடுக்காதீர்கள். பட்டா, முதியோர் பென்ஷன் வரிசையில் நின்று நாலு பேர் முன்னால் சொல்லுகிற விஷயம் இல்லை இது. வேறொரு நாள் நேரே அந்த அலுவலகத்துக்கே போங்கள்.

4. ஆதாரம் சேர்ப்பது

எங்கள் வீட்டில் சமையல்கட்டு ஓரம் தினசரி காலண்டர் தொங்கும். காலையில் அம்மா கிழிக்கிற தாளை வாங்கி, அதன் பின்பக்கம் முந்தின நாள் நடந்ததை நாலு வரி எழுதுவேன்: எத்தனை மணி, எந்த அறை, யார் இருந்தார்கள், என்ன வார்த்தை. தாளை உண்டியல் டப்பாவில் போட்டு வைப்பேன். "ஏட்டி, குப்பையை எதுக்குச் சேக்க?" என்று அம்மா கேட்டாள். விசாரணையன்று வெளி உறுப்பினர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, முன்பக்கத் தேதியையும் பின்பக்க எழுத்தையும் ஒப்பிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் அவர் என்னிடம் கேள்வி கேட்கிற தொனியே மாறியது.

வாட்ஸ்அப்பில் வந்தது எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக் பண்ணுவதற்கு முன் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள். ஆபீஸ் மெயிலுக்கு வேண்டாம், ஒரே நாளில் பூட்டிவிடுவார்கள். போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். நாளைக்கு வழக்கு நீதிமன்றம் போனால் மூலக் கருவி தேவைப்படும்.

தோழிகளிடம் அன்றே சொல்லியிருந்தால் அவர்களும் சாட்சிதான். நேரில் பார்த்தவர் கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்த ஒரே ஆள் மாடியைக் கூட்ட வரும் ஒரு அக்கா. "எனக்கு எழுதத் தெரியாது, கேட்டா சொல்லுதேன்" என்றார். கேட்டார்கள், சொன்னார். எம்.ஃபில்., பிஎச்.டி. முடித்த இரண்டு பேர் அன்று லீவு போட்டிருந்தார்கள்.

5. புகாரை எழுதுவது

தமிழிலேயே எழுதலாம். வக்கீல் நோட்டீஸ் பாணி வேண்டாம். பெயர், பதவி, எதிர்த்தரப்பு ஆளின் பெயர், பதவி, தேதி வாரியாக நடந்தது, அதனால் வேலையில் வந்த பாதிப்பு, சாட்சிகளின் பெயரும் முகவரியும், இணைப்புகளின் பட்டியல். இவ்வளவுதான். "தகாத முறையில் நடந்தார்" என்று மூடி எழுதினால் விசாரணையில் நிற்காது. சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுத வேண்டும். எனக்கு அந்த ஒரு பத்தியை எழுத மட்டும் இரண்டு ராத்திரி ஆனது.

இணைப்புகளோடு சேர்த்து 6 செட் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் முதலில் ஒன்றோடு போய்த் திரும்பி வந்தேன். உங்களுக்கென்று ஏழாவது செட்டும் போட்டுவிடுங்கள்.

எழுத வராதவர்களுக்கு எழுத உதவுவது குழுத் தலைவரின் கடமை. அதைச் சட்டமே சொல்கிறது. வெளியில் உதவி வேண்டுமென்றால் பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

6. கொடுத்ததற்கு அத்தாட்சி

புகாருக்குக் கட்டணம் கிடையாது. கொடுத்ததற்கு அத்தாட்சிதான் வேண்டும். உங்கள் நகலின் முதல் பக்கத்தில் தேதி போட்ட சீலும் கையெழுத்தும் கேளுங்கள். என்னிடம் "சீல் மேடம் பீரோவில் இருக்கு, நாளைக்கு வாங்க" என்றார்கள். நான் நாளைக்கு வரவில்லை. பஸ்ஸைப் பிடித்து பாளையங்கோட்டை தபால் ஆபீஸுக்கு வந்து, குழுத் தலைவர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ரசீதைப் போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த மை ஆறு மாதத்தில் மங்கிவிடும். அதே நாள் மெயிலிலும் அனுப்பினேன். மறுநாள் காலையில் சீல் தானாகவே கிடைத்தது.

ஆன்லைனில் கொடுக்க மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் தளம் இருக்கிறது. தனியார் நிறுவன ஊழியர்களும் அதில் பதியலாம். அங்கே பதிந்தாலும் காகிதப் புகாரைக் கைவிடாதீர்கள்.

போலீஸ்? தொட்டது, பின்தொடர்ந்தது, மிரட்டியது என்று இருந்தால் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கானது. குழுவில் கொடுத்தால் போலீஸில் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அவசரத்துக்கு 181.

7. அன்றைக்கே கேட்க வேண்டிய இன்னொரு மனு

இதை நான் ஒரு மாதம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். விசாரணை முடியும் வரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்ற, உங்களுக்கு வழக்கமான விடுப்பு போக 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தர, உங்கள் வேலையை அவர் மதிப்பிடாமல் தடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டால்தான். மாணவிகள் கட்டாயம் கேட்க வேண்டியது, என் இன்டர்னலையும் வைவாவையும் அவர் போடக் கூடாது என்பது. கேட்கும்போது மாற்ற வேண்டியது அவரை என்று தெளிவாக எழுதுங்கள். "இடமாற்றம் வேண்டும்" என்று மொட்டையாக எழுதியதால் என்னைத் தூக்கி வேறு கட்டடத்தில் போட்டார்கள்.

8. விசாரணை

புகார் கிடைத்த 7 வேலை நாளில் எதிர்த்தரப்புக்கு நகல் போகும். பதில் சொல்ல அவருக்கு 10 வேலை நாள். மொத்த விசாரணையும் 90 நாளில் முடிய வேண்டும். இரண்டு பக்கமும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. உட்காரும் நாளில் தலைவரையும் சேர்த்து 3 உறுப்பினராவது இருக்க வேண்டும்.

கூப்பிட்ட தேதியைத் தவறவிடாதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து 3 அமர்வுக்கு வராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு உங்கள் புகாரையே முடித்துவிடலாம். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டோடு மெயில் போடுங்கள்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்ற கேள்வி நிச்சயம் வரும். என் பதில்: "சொன்னேன். யாரிடம், எந்தத் தேதியில் என்பது மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது." வாக்குமூலத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் டைப் செய்து தந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய கண்ணி சமரசம். நீங்களாகக் கேட்டால்தான் சமரசம், அதுவும் பணம் பேசி முடிக்கக் கூடாது. சமரசம் எழுதியாகிவிட்டால் விசாரணை நின்றுவிடும். எனக்கு நீட்டிய தாளில் "மனுதாரர் விருப்பத்தின் பேரில்" என்று முன்பே டைப் ஆகியிருந்தது. நான் விரும்பவில்லை என்று அதிலேயே பேனாவால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"நிரூபிக்க முடியாட்டா உன் மேலதான் நடவடிக்கை" என்று பயமுறுத்துவார்கள். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால்தான் அது. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே குற்றம் ஆகாது.

9. இந்தக் குழு எதைக் கேட்காது?

ஒரே வேலைக்கு ஆணுக்கு அதிகச் சம்பளம், பெண் என்பதால் பதவி உயர்வு இல்லை, கர்ப்பம் என்றதும் "நின்னுக்கோங்க" என்பது. இதெல்லாம் பாகுபாடுதான், ஆனால் பாலியல் தொந்தரவோடு சேராவிட்டால் இந்தக் குழுவுக்கு வராது. கடை, கம்பெனி என்றால் தொழிலாளர் துறைக்குப் போங்கள். பிரசவ விடுப்பு முதல் 2 குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். அதே சமயம், பணிந்து போகாததால் பதவி உயர்வு மறுத்தார்கள் என்றால் அது நம் குழுவின் விஷயமேதான். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பாமல் எழுதுங்கள்.

10. அறிக்கை வந்த பிறகு

விசாரணை முடிந்த 10 நாளில் அறிக்கை நிர்வாகத்துக்குப் போகும், உங்களுக்கும் நகல் தர வேண்டும். குற்றம் உறுதியானால் எழுத்து மன்னிப்பு, எச்சரிக்கை, ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம் வரை பரிந்துரைக்கலாம். அவர் சம்பளத்தில் பிடித்து உங்களுக்கு இழப்பீடும் தரச் சொல்லலாம். சட்டப்படி நிர்வாகம் 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். மானியக் குழு விதியில் அது 30 நாள். மேல்முறையீட்டுக்குச் சட்டம் 90 நாள் தருகிறது, மானியக் குழு விதி 30 நாள்தான். கல்லூரிக்காரர்கள் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு, அரசு உதவி பெறும் இடம் என்றால் குழு எப்போது அமைந்தது, எப்போதெல்லாம் கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் புகாரை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு ஆன செலவு ஜெராக்ஸ், தபால், பஸ் எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள். காலம் ஐந்து மாதம். அவருக்கு இரண்டு வருஷ ஊதிய உயர்வு நின்றது, எழுத்தில் மன்னிப்பும் வந்தது. நான் அந்த வருஷக் கடைசியில் நானாகவே வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன். நீங்களும் மாறுவதாக இருந்தால், அனுபவச் சான்றிதழை வாங்கும்போது அந்த கவுன்ட்டரிலேயே நின்று முழுசாக வாசியுங்கள். என்னுடையதில் சேர்ந்த வருஷத்தை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்கள். அதைத் திருத்தித் தர 12 நாள் ஆனது.